அளவுகோல் நம் கையில்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் தொழிற்கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியின் மேன்மையைப் பற்றிப் பேசுவதற்குச் சான்றோர் பலர் இம்மேடையில் அமர்ந்திருக்கின்றனர். எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு லேத்துப் பட்டறையில் நாளைக் கழிக்கின்ற எங்களையும் அழைத்தபோது, எதைப் பேசுவது என்று தயங்கினோம். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் கூறினார்கள். எங்களுக்குத் தெரிந்தது எஞ்சினைப் பிரித்துத் திரும்பக் கட்டும் வேலை ஒன்றே. அவ்வேலையிலும் ஒரு சிறு பகுதியை மட்டுமே இன்று எடுத்துக்கொள்கின்றோம். எஞ்சினைக் கட்டுவதற்கு முன்னர் அதன் சிலிண்டர் துளையைப் பிழையின்றி அளப்பது எப்படி என்பதே எங்கள் பேச்சின் பொருள்.

விழா மேடைக்கு இது மிகச் சிறிய பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், ஒரு தலைமயிரின் கனத்தில் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு அடங்கியிருப்பதை நாங்கள் கண்ணாரக் கண்டவர்கள். ஆகவே சற்றுப் பொறுமையோடு செவிசாய்க்க வேண்டுகின்றோம்.

அளந்தவர் யார்?

நம் பாட்டனார் காலத்தில் அறுவடைக் களத்தில் நின்று உழைத்தவர்கள் நாம். மரக்காலைக் கையில் பிடித்து அளந்தவர்கள் வேறொருவர். கூலி நெல்லை அளக்க ஒரு மரக்கால், விற்கும் நெல்லை அளக்க வேறொரு மரக்கால் என்று இருந்த கதைகளை நம் முதியோர் இன்றும் சொல்லக் கேட்கின்றோம். அளவு தவறு என்று தெரிந்தும் கேட்க வாயில்லை. கேட்டாலும் மெய்ப்பித்துக் காட்ட நம்மிடம் வேறு மரக்கால் இல்லை. 1956-ஆம் ஆண்டு நிறைகள், அளவைகள் சட்டம் வந்து, மெட்ரிக் முறை நாடெங்கும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தபின், அளவு என்பது தனி ஒருவரின் சொல்லாக இல்லாமல் சட்டத்தின் சொல்லாயிற்று. ஆயினும் அளவுகோலைக் கையில் எடுத்துப் பழகாதவனுக்குச் சட்டம் இருந்து பயன் என்ன?

எங்களுள் ஒருவர் சிறுவயதில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் மண்ணெண்ணெயில் உதிரி பாகங்களைக் கழுவினார், பிளாக்கைத் தூக்கினார், தேநீர் வாங்கி வந்தார். மைக்ரோமீட்டர் இருந்த பெட்டியோ முதலாளியின் மேசை அறைக்குள் பூட்டியே இருந்தது. ஒருநாள் அதைத் தொட்டுப் பார்க்கக் கேட்டபோது, "அது உனக்கெதற்கு? நீ கழுவுகிற வேலையைப் பார்" என்ற விடையே கிடைத்தது. அவர் அதைக் கண்டு மனம் சோரவில்லை. நம் கழகத்தின் இரவுப் பள்ளியில் தசம எண்களைக் கற்றார். பழைய சாமான் கடையில் ஒரு மைக்ரோமீட்டரை வாங்கி, அதன் கோடுகளைத் தாமே எண்ணிப் பழகினார். எங்கள் பட்டறையின் தொடக்கம் அந்தக் கருவிதான். சுத்தியலும் சாவியும் பிறகே வந்தன.

சிலிண்டர் எங்கே தேய்கிறது?

நம் கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் பெருஞ்சாலை நம் ஊர் வழியே செல்கின்றது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரிகள், அறுவடை எந்திரங்கள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் யாவும் டீசல் எஞ்சினின் வலிமையால் ஓடுகின்றன. மேற்கே கல்வராயன் மலை. கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையை விட்டு வெள்ளிமலைக்கு ஏறும் ஜீப்பு, ஆளும் மூட்டையுமாகத் தாழ்ந்த கியரில் நெடுநேரம் முனகிக்கொண்டே ஏறுகின்றது. வண்டி மெல்லச் செல்கின்றது. எஞ்சினோ வேகமாகச் சுழன்று கொதிக்கின்றது. கோடைக்காலத்தில் செம்மண் புழுதி வேறு. காற்று வடிகட்டி கிழிந்திருந்தால், காற்றோடு உள்ளே சென்ற மணல்துகள் எண்ணெயோடு கலந்து, சாணைப் பொடியைப்போல் சிலிண்டர் சுவரை அராவிவிடும்.

இத்தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. இதுவே நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டுவது. பிஸ்டன் மேலே சென்று திரும்பும் இடத்தில் எரிவாயுவின் அழுத்தம் மிகுதி. அவ்வழுத்தம் ரிங்கின் பின்புறம் புகுந்து அதனைச் சுவரோடு நெருக்குகின்றது. அங்கே வெப்பமும் மிகுதி. எண்ணெய்ப் படலமோ மெல்லியது. ஆகவே மேல் ரிங்கு எட்டும் உச்சிக்குச் சற்றுக் கீழே தேய்மானம் மிகுதியாகவும், கீழே போகப் போகக் குறைவாகவும் இருக்கும். நேராக இருந்த துளை மேலே அகன்று கீழே குறுகிவிடும். இதனை டேப்பர் என்பர்.

ரிங்கு எட்டாத மேல்விளிம்பு தேயாமல் ஒரு படிபோல நின்றுவிடும். விரல் நகத்தால் தடவினால் அந்தப் படி தட்டுப்படும். நகம் 'தேய்ந்திருக்கிறது' என்று சொல்லும். 'எவ்வளவு தேய்ந்திருக்கிறது' என்று ஒருநாளும் சொல்லாது.

இன்னொன்றும் உண்டு. கனெக்டிங் ராடு சாய்ந்து நின்று தள்ளுவதால், பிஸ்டன் கிராங்க் தண்டுக்குக் குறுக்கான திசையில் சுவரைச் சாய்த்து அழுத்துகின்றது. அதனால் குறுக்குத் திசையில் தேய்மானம் கூடுதலாகி, வட்டமாக இருந்த துளை முட்டை வடிவம் பெறுகின்றது. இதனை ஓவல் என்பர். டேப்பர், ஓவல் ஆகிய இவ்விரு குறைகளையும் எண்ணாகச் சொல்லத் தெரிந்தவனே எஞ்சினைக் கட்டத் தகுதியுடையவன்.

அளக்காமல் கட்டியதன் விலை

மின்சாரம் எட்டாத நாளில் நம் உறவினர் ஒருவர் தம் இரண்டு ஏக்கர் நிலத்துக் கிணற்றில் ஐந்து குதிரைத்திறன் ஆயில் எஞ்சின் வைத்திருந்தார். எஞ்சின் புகையைக் கக்கியது; எண்ணெயைக் குடித்தது. அவர் அதனை ஒரு பட்டறைக்கு வண்டியில் ஏற்றிச் சென்றார். அங்கே ஒருவர் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "ரிங்கு மாற்றினால் போதும்" என்றார். அளக்கவில்லை. புதிய ரிங்குகளைப் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

நடந்தது என்ன? பழைய ரிங்கின் மேல்முனை தேய்ந்து வளைந்திருக்கும். அது அந்தப் படிக்குக் கீழேயே ஒத்துப்போய் ஓடியிருக்கும். புதிய ரிங்கின் முனையோ கூர்மையானது. அது உச்சிக்குச் செல்லும்போதெல்லாம் படியில் மோதியது. மேலும், மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்த துளையில், ஒவ்வோர் ஓட்டத்திலும் ரிங்கு விரிந்தும் சுருங்கியும் களைத்தது. சில வாரங்களில் மேல் ரிங்கு உடைந்தது. உடைந்த துண்டு சுவரை உழுதது. கிணற்றில் நீர் இருந்தும் பயிர் காய்ந்தது. எஞ்சினுக்கு வாங்கிய கடனும் பயிருக்கு வாங்கிய கடனும் ஒன்றாய்ச் சேர்ந்தன. மகனின் படிப்பு அந்த ஆண்டோடு நின்றது.

அந்த மெக்கானிக் கெட்டவர் அல்லர். அளக்கத் தெரியாதவர், அல்லது அளக்கச் சோம்பியவர். அவர் கால்மணி நேரத்தை மிச்சப்படுத்தினார். நம் உறவினர் ஓராண்டை இழந்தார். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் முன்னோர் சொன்னது இத்தகைய இடத்திற்கும் பொருந்தும் அன்றோ?

கருவிகளும் முறையும்

இந்த வேலையின் வரலாறு பெரியது. ஜேம்ஸ் வாட் 1769-இல் தம் நீராவி எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் நீராவி ஒழுகாத அளவுக்கு வட்டமான சிலிண்டரைக் கடைந்து கொடுப்பார் அன்று எவருமில்லை. பீரங்கிக் குழாய் கடைந்துவந்த ஜான் வில்கின்சன் என்பவர் 1770-களின் நடுவில் சிலிண்டர் கடையும் எந்திரம் அமைத்த பிறகே வாட்டின் எஞ்சின் தொழிலாக வளர்ந்தது. ஐம்பது அங்குல அகலமுள்ள சிலிண்டரில் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்துக்குமேல் பிழை இல்லை என்பதே அன்று பெரும் வியப்பாகப் பேசப்பட்டது. இன்று நம் ஊர்ப் பட்டறையில் ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கி, அதில் ஒரு பங்கை அளக்கின்றோம். தலைமயிரின் கனம் ஏறத்தாழ ஐந்து முதல் பத்துப் பங்கு.

சிலிண்டரை அளக்க வெர்னியர் காலிபர் போதாது. அதன் உள்தாடைகள் விளிம்பை மட்டுமே எட்டும். தேய்மானமோ உள்ளே இருக்கின்றது. மேலும், தேயாத மேல்விளிம்பை அளந்துவிட்டு "புதுசுபோல் இருக்கிறது" என்று ஏமாறவும் அது இடம்கொடுக்கும். போர் டயல் கேஜும், அதைச் சரிப்படுத்த வெளிமைக்ரோமீட்டரும் வேண்டும்.

முதலில் சிலிண்டரின் கரியை நீக்கி, மண்ணெண்ணெயால் கழுவி, தூய துணியால் துடைக்க வேண்டும். ஒரு சிறு கரித்துகள் நம் கணக்கு முழுவதையும் பொய்யாக்கிவிடும். பிறகு மைக்ரோமீட்டரை அதனுடன் வந்த அளவுக்கோலால் சரிபார்க்க வேண்டும். கருவியே பொய் சொன்னால் நாம் மெய் சொல்வது எங்ஙனம்? அதன் பின்னர், கையேட்டில் சொல்லிய துளை அளவுக்கு மைக்ரோமீட்டரைத் திறந்து பூட்டி, அதன் இரு முனைகளுக்கிடையே போர் கேஜை வைத்து, டயலைச் சுழியத்தில் நிறுத்த வேண்டும்.

கேஜைத் துளைக்குள் இறக்கியதும் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தல் வேண்டும். முள் ஒரு திசையில் சென்று, ஓரிடத்தில் நின்று, திரும்பும். அது திரும்புகின்ற இடமே உண்மையான விட்டம். கேஜ் சாய்ந்திருந்தால் கிடைப்பது மிகையான அளவு. அவசரக்காரர் பலர் இந்த அசைவைச் செய்யாமல் முதலில் கண்ட எண்ணை எழுதிவிடுகின்றனர்.

ஆறு எண்கள்

ஒரு சிலிண்டருக்கு ஆறு எண்கள் வேண்டும். மேல் ரிங்கு எட்டும் உச்சிக்குச் சற்றுக் கீழே ஓரிடம், நடுவில் ஓரிடம், ரிங்கின் ஓட்டம் முடியும் அடிப்பகுதியில் ஓரிடம். ஒவ்வோர் இடத்திலும் கிராங்க் தண்டின் போக்கில் ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று. ஆறையும் ஒரு தாளில் எழுத வேண்டும். நினைவில் வைத்துக்கொள்வோம் என்பது கூடாது. எழுதாத அளவு அளக்காத அளவே.

கணக்குக்கு எளிதாக, புதிதாக இருந்தபோது துளை 100.00 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அளந்ததில், குறுக்குத் திசையில் மேலே 100.31, நடுவே 100.17, கீழே 100.05, தண்டின் போக்கில் மேலே 100.22, நடுவே 100.12, கீழே 100.04 எனக் கிடைத்தன. குறுக்குத் திசையில் மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாடு 0.26, இது டேப்பர். மேலே இரு திசைகளுக்கும் உள்ள வேறுபாடு 0.09, இது ஓவல். இவ்விரண்டையும் கையேடு கூறும் எல்லையோடு ஒப்பிட்டால், ரிங்கு மட்டும் போதுமா, போரிங் போட வேண்டுமா என்ற கேள்விக்கு விடை தானே கிடைத்துவிடும். அங்கே எவருடைய மீசைக்கும் குரலுக்கும் வேலையில்லை.

போரிங் போட வேண்டுமாயின் எந்த ஓவர்சைஸ்? கடையில் கிடைக்கும் பிஸ்டன்கள் பெரும்பாலும் கால், அரை, முக்கால், ஒரு மில்லிமீட்டர் என்ற வரிசையில் வரும். மிகப் பெரிய எண் 100.31 ஆதலால் கால் மில்லி போதாது. அரை மில்லி, அதாவது 100.50 போதும் என்றே எவரும் சொல்வர். இங்கேதான் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். கேஜ் விட்டத்தைச் சொல்லும். எந்தப் பக்கச் சுவர் தேய்ந்தது என்று சொல்லாது. 0.31 தேய்மானம் முழுவதும் ஒரே பக்கத்தில் இருந்தால், பழைய மையத்திலிருந்து அந்தச் சுவர் 50.31 தொலைவில் இருக்கும். 100.50-க்குக் கடைந்தால் புதிய சுவர் மையத்திலிருந்து 50.25 தொலைவிலேயே நிற்கும். அந்தப் பக்கத்தில் கடைசல் தொடாமல் பழைய தழும்பு அப்படியே இருந்துவிடும். பிஸ்டனை வாங்கிவந்த பிறகு இதைக் கண்டால் பணம் வீண். ஆகவே போரிங் எந்திரத்தின் மையத்தைத் தேயாத அடிப்பகுதியைக் கொண்டு நிறுத்தி, கடைசல் முனையைக் கையால் ஒருசுற்றுச் சுற்றி, நான்கு பக்கமும் தொடுமா என்று பார்த்தபின்னரே ஓவர்சைஸை முடிவுசெய்தல் வேண்டும். தேய்ந்த மேற்பகுதியை மையமாகக் கொண்டால் துளை முழுதுமே நகர்ந்துவிடும்.

ஓவர்சைஸ் முடிவானதும் உடனே கடைந்துவிடலாகாது. முதலில் பிஸ்டனை வாங்க வேண்டும். அதனைக் கையேடு காட்டும் இடத்தில் அளக்க வேண்டும். கையேடு கூறும் இடைவெளியை அதனோடு கூட்டி, அந்த அளவுக்கே துளையைக் கடைய வேண்டும். ஹோனிங் கல்லுக்காகச் சிறிது விட்டுவைத்தலும் வேண்டும். பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பது பிஸ்டனின் பெயர். மைக்ரோமீட்டர் காட்டுவதே அதன் அளவு. லைனர் மாற்றத்தக்க எஞ்சினாயின் கடைவதற்குப் பதிலாக லைனரையே மாற்றலாம். ஆனால் அந்த முடிவையும் அளந்த பின்னரே எடுக்க வேண்டும்.

கருவி இல்லாதவனுக்கு ஒரு வழி

"போர் கேஜ் வாங்க எங்களுக்கு ஏது பணம்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. குறைந்த செலவில் ஒரு வழி உண்டு. ஒரு ரிங்கையும் ஒரு ஃபீலர் கேஜையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகக் கொண்டு சமமாகத் தள்ளி, மேலே தேய்ந்த இடத்தில் நிறுத்தி, ரிங்கின் இரு முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். பிறகு கீழே தள்ளி, தேய்மானம் குறைந்த இடத்திலும் அதேபோல் அளந்து எழுதுங்கள். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் 3.14 மடங்கு என்று பள்ளியில் படித்தது நினைவிருக்கும். விட்டம் எவ்வளவு கூடுகிறதோ, அதைப்போல் 3.14 மடங்கு ரிங்கின் வாய் விரியும். மேலே 1.20, கீழே 0.40 என்று கிடைத்தால் வேறுபாடு 0.80, அதனை 3.14 ஆல் வகுத்தால் டேப்பர் ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர். இம்முறை ஓவலைக் காட்டாது. போரிங் போடுவதற்கும் போதாது. ஆனால், ரிங்கு மட்டும் மாற்றலாமா கூடாதா என்பதை முடிவுசெய்யத் துணைசெய்யும். நம் உறவினரின் எஞ்சினுக்கு அன்று இந்தக் கணக்கை ஒருவர் போட்டிருந்தால் அந்தப் பையன் பள்ளியைவிட்டு நின்றிருக்க மாட்டான்.

கல்வராயன் மலையிலிருந்து மலையாளிப் பழங்குடி இளைஞர் ஒருவர் எங்களிடம் வேலை கற்றார். மலையில் ஜாகீர்தாரர்களின் ஆட்சி 1976-இல்தான் முடிவுக்கு வந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். கூலியில்லா வேலையைக் கண்ட தலைமுறையின் பேரன் அவர். வேலை கற்றுத் திரும்பியபின், மலையில் ஒரு ஜீப்பு புகைகிறது என்று அதன் எஞ்சினை அங்கேயே திறந்து, மேற்சொன்ன முறையில் நான்கு சிலிண்டர்களையும் அளந்தார். எட்டு எண்களைத் தொலைபேசியில் எங்களுக்குச் சொன்னார். மூன்றில் குறை சிறிது; நான்காவதில் எல்லை கடந்திருந்தது. காற்று வரும் வழியில் ஓரிடத்தில் விரிசல் இருக்க வேண்டும் என்று தேடச் சொன்னோம். அந்த நான்காவது சிலிண்டருக்குச் செல்லும் கிளைக்குழாயின் இணைப்பில் புழுதி படிந்த விரிசல் இருந்தது. அதைச் சரிசெய்யாமல் எஞ்சினை மட்டும் கட்டியிருந்தால் ஓராண்டுக்குள் மறுபடியும் அதே கதைதான். அவர் சொன்ன எட்டு எண்கள் நோயையும் காட்டின. நோயின் காரணத்தையும் காட்டின.

எங்கள் பிழையும் சொல்வோம்

பிறர் பிழையை மட்டும் சொல்லி அமர்வது நேர்மையன்று. எங்கள் பட்டறை தொடங்கிய புதிதில் ஒரு டிராக்டர் எஞ்சின் வந்தது. உழவுக் காலம்; உரிமையாளர் வாசலிலேயே காத்திருந்தார். ஹோனிங் முடித்த சூட்டோடு துளையை அளந்தோம். பிஸ்டனுக்கும் சுவருக்கும் 0.10 மில்லிமீட்டர் இடைவெளி சரியாக இருந்தது. அன்றிரவே கட்டிக் கொடுத்தோம். மறுநாள் சுமையோடு ஏற்றம் ஏறும்போது பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

காரணம் பிறகு விளங்கிற்று. வார்ப்பிரும்பு ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் நூறு மில்லிமீட்டருக்கு ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விரியும். கல் உரசிய சூட்டில் பிளாக் முப்பது பாகை கூடுதலாக இருந்தால் துளை 0.03 மில்லிமீட்டர் பெரிதாகக் காட்டும். ஆறியதும் அது சுருங்கிவிடும். நாங்கள் 0.10 என்று நம்பியது உண்மையில் 0.07. அலுமினியப் பிஸ்டனோ இரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். செலவு முழுவதையும் நாங்களே ஏற்று மறுபடி செய்து கொடுத்தோம். அந்த மாதம் எங்கள் வீடுகளில் அடுப்பு எரிந்தது கடனால்.

அளவீட்டுக்கு உலகம் ஒத்துக்கொண்ட வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். நம் ஊர்க் கோடையில் அதற்கு எங்கே போவது? அஞ்ச வேண்டாம். துளை, பிஸ்டன், மைக்ரோமீட்டர், கேஜ் ஆகிய நான்கும் ஒரே அறையில் ஓரிரவு ஒன்றாக இருந்து ஒரே சூட்டில் இருந்தால், நம் வேலைக்கு வேண்டிய துல்லியம் கிடைத்துவிடும். வெயிலில் உலர்த்திய பிளாக்கை நிழலில் இருந்த கருவியால் அளக்காதீர்கள். மாலையில் கழுவி வையுங்கள், காலையில் அளவுங்கள். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் இதுவே சட்டம். எவ்வளவு பெரியவர் வாசலில் வந்து நின்றாலும் இந்தச் சட்டம் மாறுவதில்லை.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1942-இல் வைசிராயின் ஆட்சிக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பேற்றார்கள். அவ்வாண்டே பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கி அரசுக்கு அளித்த விண்ணப்பத்தில், கல்லூரிக் கல்வியோடு நில்லாமல் தொழில்நுட்பக் கல்வியையும் கேட்டார்கள். அரசு அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளுக்குத் தொழில் பழகுநர் இடம் வேண்டும் என்றார்கள். சட்ட மேதையாகிய அவர்கள் பட்டறை வாசலையும் மறக்கவில்லை. 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டமும், 1961-இல் தொழில் பழகுநர் சட்டமும் வந்தன. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக், மோட்டார் மெக்கானிக், டர்னர், மெஷினிஸ்ட் ஆகிய பிரிவுகளில் நமக்கு ஒதுக்கிய இடங்கள் உள்ளன. அந்த இடங்களை வெறுமையாய் விடலாகாது. சேர்ந்த பிறகு சான்றிதழோடு நின்றுவிடலும் ஆகாது. மைக்ரோமீட்டரைக் கேட்டு வாங்கிக் கையில் பிடியுங்கள்.

மின்சார வண்டி வந்துவிட்டது, இனி சிலிண்டர் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். நம் வயலிலும் சாலையிலும் டீசல் எஞ்சின்கள் இன்னும் நெடுநாள் உழைக்கும். அவை மறைந்தாலும் மோட்டாரின் தண்டும் பேரிங்கும் அளவு கேட்கும். எந்திரம் மாறலாம், அளக்கத் தெரிந்தவனின் தேவை மாறாது.

இந்த வெள்ளி விழா ஆண்டில் கழகத்தாருக்கு ஒரு கோரிக்கை வைத்து முடிக்கின்றோம். கழகத்தின் நூலகத்தில் நூல்களோடு ஓர் அளவைப் பெட்டியும் இருக்கட்டும்: மைக்ரோமீட்டர்கள், ஒரு போர் டயல் கேஜ், ஃபீலர் கேஜுகள், ஒரு கணக்குப் புத்தகம். அதற்கான செலவில் எங்கள் பட்டறையின் பங்கை இன்றே தருகின்றோம். ஞாயிறுதோறும் காலையில் ஒரு மணி நேரம் வந்து கற்றுத் தரவும் எங்களுள் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கின்றார். நான்கு ஆண்டுகள் பூட்டிய பெட்டியைப் பார்த்துக்கொண்டே மண்ணெண்ணெயில் கை நனைத்தவர் அவரேதான்.

அவர் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: அந்தப் பெட்டிக்குப் பூட்டு இருத்தலாகாது.